நெடுந்தூர செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 600 கஜம், 1,000 கஜம் தள்ளி வைத்த காகித இலக்கையும் எஃகுத் தகட்டையும் சுடுவது நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவரும் விளையாட்டு. அதில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளோடு இறங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக் என்றால் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும். வெடித்த வாயுவின் வேகத்தில் ரைஃபிளே காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். குண்டு, மருந்து, பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எல்லாம் சேர்ந்த முழுப்பொருளைத் தோட்டா என்றும், இலக்கை நோக்கிப் பறக்கும் உலோகத்தை மட்டும் குண்டு என்றும் சொல்கிறேன்.

தேர்வை எங்கிருந்து தொடங்குவது?

மேகஸினிலிருந்து, அதாவது தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியிலிருந்து. பலர் அட்டவணையைத் திறந்து, 1,000 கஜத்தில் எந்தக் குண்டு குறைவாகத் தாழ்கிறது என்று பார்த்துத் தொடங்குகிறார்கள். கையால் ஒவ்வொன்றாக ஏற்றிச் சுடும் போல்ட் ரைஃபிளுக்கு அது சரி. செமி ஆட்டோமேட்டிக்கில் தோட்டா முதலில் மேகஸினுக்குள் அடங்க வேண்டும், அப்புறம் போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பின்பக்கத்தை அடைக்கும் எஃகுத் தண்டு) தள்ளும் வேகத்தில் எங்கும் சிக்காமல், குழலின் பின்முனையில் இருக்கும் சேம்பருக்குள் போய் உட்கார வேண்டும்.

இன்று விற்கும் ரைஃபிள்களில் பெரும்பாலானவை இரண்டே சட்டகங்களில் அடங்கும். யூஜின் ஸ்டோனர் 1950களில் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்த ஏஆர்-10, அதைச் சுருக்கிச் செய்த ஏஆர்-15. சிறிய சட்டகத்தின் மேகஸினில் தோட்டாவின் மொத்த நீளம் சுமார் 2.26 அங்குலம்தான் இருக்கலாம். பெரியதில் 2.8 அங்குலமும் கொஞ்சமும். தூரம் போகும் குண்டுகள் எல்லாமே நீளமானவை, ஊசிமுனை கொண்டவை. மேகஸின் நீளம் மாறாது என்பதால், நீளமான குண்டை வைத்தால் அதன் அடிப்பகுதி கூட்டுக்குள் ஆழமாக இறங்கி மருந்துக்கான இடத்தைத் தின்றுவிடும். ஆகவே நல்ல நெடுந்தூரத் தோட்டாவின் கூடு குட்டையாக இருக்க வேண்டும். குண்டின் மூக்குக்கு வெளியே இடம் விட வேண்டும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே வரும் பெயர்களில் பாதி தானாகப் புரியும்.

நெடுந்தூரம் என்றால் எவ்வளவு தூரம்?

உங்களால் உண்மையில் போய்ச் சுடக்கூடிய தூரம். ஊருக்கு ஊர் இருக்கும் ரேஞ்சுகளில் பெரும்பாலானவை 100 முதல் 300 கஜத்தோடு முடிந்துவிடும். அலபாமாவின் டல்லடேகாவில் 600 கஜம் இருக்கிறது. 1,000 கஜத்துக்கு ஒஹாயோவின் கேம்ப் பெர்ரி, நியூ மெக்சிகோவில் ராட்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் விட்டிங்டன் சென்டர், அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரின் பென் ஏவரி போன்ற சில இடங்களைத்தான் தேடிப் போக வேண்டும். ஆண்டு முழுக்க 300 கஜத்தில் சுடப்போகிறவர் 1,000 கஜத்துக்கான தோட்டாவை வாங்கினால், பயன்படாத திறனுக்குக் காசு கொடுக்கிறார்.

தோட்டாவுக்கும் ஒரு எல்லை உண்டு. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,125 அடி. வேகம் குறைந்துகொண்டே வரும் குண்டு அந்த எல்லையை நெருங்கும்போது அதன்மேல் காற்றழுத்தம் மாறி, சில குண்டுகள் தள்ளாடத் தொடங்கும். அதனால் அனுபவஸ்தர்கள் 1,350 அடிக்குக் கீழே வேகம் இறங்கும் தூரத்தைத்தான் அந்தத் தோட்டாவின் நம்பகமான எல்லையாகக் கணக்கு வைக்கிறார்கள். அதைத் தாண்டியும் இலக்கில் படும். ஆனால் குழு, அதாவது குண்டுகள் பட்ட இடங்களின் கூட்டம், விரியும், நம்பிக்கை குறையும்.

.308 வின்செஸ்டர் இன்னும் போதுமா?

800 கஜம் வரை தாராளமாகப் போதும். 1952-ல் வந்த தோட்டா இது. அதன் ராணுவ இரட்டையான 7.62×51 இரண்டாண்டு கழித்து நேட்டோவின் பொதுத் தோட்டாவானது. ஏஆர்-10 பிறந்ததே இந்த அளவுக்குத்தான். அதனால் மேகஸின், போல்ட், வாயுத் துளை எல்லாம் இதற்குப் பழகிப் பக்குவப்பட்டவை. கடையில் எளிதில் கிடைக்கும், குழல் பல ஆயிரம் குண்டு தாங்கும், சிக்கல் வந்தால் விடை தெரிந்த ஆள் எங்கும் இருப்பார்.

குறை 1,000 கஜத்தில் தெரியும். 175 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடையளவு) போட்டிக்குண்டு வினாடிக்கு 2,600 அடியில் கிளம்பினால், கடல் மட்டக் காற்றில் 1,000 கஜம் சேரும்போது 1,200 அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். சியரா நிறுவனத்தின் பழைய 168 கிரெயின் மேட்ச்கிங் குண்டு இன்னும் சீக்கிரம் தள்ளாடும். அதன் பின்புறச் சரிவு செங்குத்தானது. 600 கஜம் வரை அற்புதமான அந்தக் குண்டை 1,000 கஜத்துக்குக் கொண்டு போகாதீர்கள். .308 வாங்கினால் 175 கிரெயினில் தொடங்குங்கள்.

6.5 கிரீட்மோருக்கு ஏன் இத்தனை பேச்சு?

நான் மேலே சொன்ன மேகஸின் கணக்கை மனத்தில் வைத்தே செய்த தோட்டா என்பதால். போட்டி வீரர் டென்னிஸ் டெமில், ஹார்னடி நிறுவனத்தின் டேவ் எமரி இருவரும் பேசி உருவாக்கியது, 2007-ல் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்பே .260 ரெமிங்டன் இருந்தது. அதுவும் 6.5 மில்லிமீட்டர் குண்டுதான், வேகமும் ஏறத்தாழ அதேதான். ஆனால் .260-ன் கூடு 2.035 அங்குலம், கிரீட்மோரின் கூடு 1.920 அங்குலம். பத்தில் ஒரு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான வித்தியாசம். அந்த இடைவெளியில்தான் 140 கிரெயின் குண்டின் நீண்ட மூக்கு ஏஆர்-10 மேகஸினுக்குள் நெருக்கடி இல்லாமல் உட்காருகிறது. .260 சுடுகிறவர்கள் அதே குண்டைக் கூட்டுக்குள் அழுத்த வேண்டியிருந்தது. தொடக்கத்திலேயே போட்டித்தரத் தோட்டா பெட்டியில் கிடைத்ததும், கையால் நிரப்புகிறவர்களுக்கு மருந்தளவைப் பெட்டியின் மேலேயே அச்சடித்துக் கொடுத்ததும் அதைப் பரப்பின.

பெயர் வந்த கதையும் எனக்குப் பிடித்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1870களில் திறந்த கிரீட்மோர் சுடுகளத்தில் 1874-ல் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் 800, 900, 1,000 கஜத்தில் மோதின. 934-க்கு 931 என்று மூன்றே புள்ளியில் அமெரிக்கா வென்றது. அயர்லாந்து வீரர் ஒருவர் நடுப்புள்ளியைச் சரியாக அடித்தார், ஆனால் அது பக்கத்து இலக்கு. அந்தப் புள்ளிகள் கணக்கில் சேரவில்லை.

.308-க்கும் 6.5 கிரீட்மோருக்கும் நடைமுறையில் என்ன வித்தியாசம்?

காற்று. குண்டு தாழ்வதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தூரம் தெரிந்தால் தாழ்வும் தெரியும், தொலைநோக்கியில் திருகிக்கொள்ளலாம். பக்கவாட்டில் அடிக்கும் காற்றை மட்டும் எந்தக் கருவியும் வழி முழுக்க அளந்து சொல்லாது. சுடுகிறவர் ஊகிக்கத்தான் வேண்டும். மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில், 1,000 கஜத்தில் .308-ன் 175 கிரெயின் குண்டு நூறு அங்குலம் அளவுக்கு விலகும். 6.5 கிரீட்மோரின் 140 கிரெயின் குண்டு, 2,700 அடி வேகத்தில், எழுபது எழுபத்தைந்து அங்குலத்தோடு நிற்கும்.

இதை இப்படிப் பாருங்கள். காற்றை 10 மைல் என்று கணித்தீர்கள், உண்மையில் அடித்தது 12 மைல். .308-ல் இருபது அங்குலம் தவறும், கிரீட்மோரில் பதினைந்து. முப்பது அங்குல அகலத் தகட்டின் நடுவைக் குறிவைத்திருந்தால் ஒன்று முழுத் தவறு, மற்றது விளிம்பைத் தொட வாய்ப்புண்டு. நெடுந்தூரத் தோட்டாவுக்குக் கொடுக்கும் பணம் காற்றைத் தவறாகக் கணிக்கும்போது கிடைக்கும் இந்தச் சலுகைக்குத்தான். கூடவே பின்னுதையும் கொஞ்சம் குறைவு என்பதால், உங்கள் குண்டு எங்கே விழுந்தது என்பதை உங்கள் தொலைநோக்கியிலேயே பார்க்க முடியும். தனியாகப் பயிற்சி செய்கிறவருக்கு அது பெரிய உதவி.

என்னிடம் ஏஆர்-15 இருக்கிறது. அதிலேயே முடியாதா?

முடியும். கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியப் போட்டிகளில் ராணுவ ரைஃபிள் வடிவங்களுக்கான சர்வீஸ் ரைஃபிள் பிரிவில் 600 கஜத்தை, ஏஆர்-15-ன் வழக்கமான தோட்டாவான .223-லேயே சுடுகிறார்கள். ஆனால் அங்கேயும் மேகஸின் விதிதான் ஆட்சி செய்கிறது. 200, 300 கஜத்தில் வேகமாகச் சுடும்போது மேகஸினில் அடங்கும் 77 கிரெயின் குண்டு. 600 கஜத்தில் நிதானமாகச் சுடும்போது மேகஸினில் அடங்காத 80 கிரெயின் குண்டை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுச் சுடுகிறார்கள். 77 கிரெயின் 700 கஜத்தைத் தாண்டியதும் ஒலிவேக எல்லையை நெருங்கிவிடும். 600 வரைதான் ஆசை என்றால் .223-ஐ விட்டு நகரவே வேண்டாம்.

அதற்கு மேல் போக இந்தச் சின்னச் சட்டகத்துக்குள் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2003-ல் வடிவமைத்த 6.5 கிரெண்டல் குட்டையான, பருத்த கூடு கொண்டது. நல்ல தோட்டா, ஆனால் கிளம்பும் வேகம் குறைவு. 2017-ல் ஃபெடரல் நிறுவனம் அறிவித்த .224 வால்கிரி, 90 கிரெயின் குண்டை 2,700 அடியில் தள்ளி 1,000 கஜம் தாண்டியும் ஒலிவேகத்துக்கு மேலேயே வைத்திருக்கும் என்ற பெரிய எதிர்பார்ப்போடு வந்தது. அந்த நீளமான குண்டு குழலுக்குக் குழல் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்ற புகார் சீக்கிரமே எழுந்தது; அந்தக் கெட்ட பெயரிலிருந்து அது முழுதாக மீளவில்லை.

என் கணக்கில் இந்தச் சட்டகத்தின் சிறந்த நெடுந்தூரத் தோட்டா 6 எம்எம் ஏஆர்சி. 2020-ல் ஹார்னடி கொண்டுவந்தது; கிரெண்டல் கூட்டின் கழுத்தைச் சுருக்கிச் செய்தது. 108 கிரெயின் குண்டு, 24 அங்குலக் குழலில் 2,750 அடி. காற்றில் விலகுவது .308-க்கும் கிரீட்மோருக்கும் நடுவே. அதாவது ஏஆர்-10-ஐவிட இலகுவான ரைஃபிளில், கணிசமாகக் குறைந்த பின்னுதையில், .308-ஐ மிஞ்சும் 1,000 கஜத் தோட்டா கிடைக்கிறது. இதில் குறை என்னவென்றால், கூடு பருத்தது என்பதால் போல்ட்டின் முகத்தை அகலமாகக் குடைய வேண்டும். சுற்றியுள்ள எஃகு மெலிகிறது. போல்ட்டை நல்ல தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். ஒரு போல்ட்டைக் கைவசம் கூடுதலாக வைத்திருங்கள். மேகஸினும் இதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், .223 மேகஸினில் சிக்கும்.

போல்ட் ரைஃபிள்காரர்கள் சொல்லும் வேகம் எனக்கு ஏன் வருவதில்லை?

வரவும் கூடாது. போல்ட் ரைஃபிளில் சுட்ட பிறகு அழுத்தம் முழுதாக இறங்கி, நீங்கள் கையால் திறக்கும் வரை கூடு அசையாது. செமி ஆட்டோமேட்டிக்கில் குழலின் பக்கத் துளை வழியாக வாயு திரும்பி வந்து போல்ட்டைத் திறக்கிறது. அப்போது சேம்பரில் இன்னும் மீதி அழுத்தம் இருக்கும். மருந்து அதிகமானால் கூட்டின் விளிம்பு கிழியும், அடிப்பக்கத்தில் பளபளப்பான வழுக்கல் தடம் விழும், பிரைமர் தளரும். பாகங்கள் சீக்கிரம் தேயும். .308-க்கும் 6.5 கிரீட்மோருக்கும் அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் தர அமைப்பான சாமி (SAAMI) விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. 6 எம்எம் ஏஆர்சிக்கு வெறும் 52,000. இந்த எண் சின்ன போல்ட்டின் பலத்தைப் பார்த்து வைத்தது. அதை மீறிப் பெறும் ஐம்பது அடி வேகத்தால் இலக்கில் எதுவும் மாறாது.

கிரீட்மோர் ரைஃபிள் வாங்கும்போது வாயுக்குழாய் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். வழக்கமான ரைஃபிள் நீளத்தைவிட 2 அங்குலம் கூடுதலாக வைப்பவர்கள் உண்டு. போல்ட் நிதானமாகத் திறக்கும். குழாய்க்குள் போகும் வாயுவின் அளவைத் திருகி மாற்றும் வாயுக்கட்டையும் இருந்தால் இன்னும் நல்லது.

குழல் எவ்வளவு நீளம், எவ்வளவு முறுக்கு?

நீளத்துக்கு 20 முதல் 24 அங்குலம். ஓர் அங்குலம் குறைந்தால் வினாடிக்கு இருபது இருபத்தைந்து அடி போகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். குழலுக்குள் குண்டைச் சுழற்றும் சுருள் பள்ளங்களின் முறுக்கில் மட்டும் சமரசம் வேண்டாம். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும்: .308-க்கு 10 அல்லது 11.25 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 6.5 கிரீட்மோருக்கு 8, ஏஆர்சிக்கு 7.5, 77 கிரெயினுக்கு மேல் சுடும் .223-க்கு 7 அல்லது 8.

குழல் எத்தனை குண்டு தாங்கும்?

.308 பராமரிப்பைப் பொறுத்து ஐந்தாயிரம் தாண்டும். 6.5 கிரீட்மோர் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம். அதே கூட்டில் மெல்லிய குண்டை வைத்த 6 எம்எம் கிரீட்மோர் இன்னும் வேகமாக ஓடும், இன்னும் வேகமாகத் தேயும். போட்டியில் மும்முரமாக இருப்பவர் ஒரு பருவத்திலேயே ஒன்றைத் தீர்த்துவிடலாம். செமி ஆட்டோமேட்டிக் கையில் இருந்தால் வேகவேகமாகச் சுடத் தோன்றும். சூடான குழலில் தொடர்ந்து சுடுவதுதான் இந்த எண்களைப் பாதியாக்கும்.

தோட்டா விலையை ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்க்காமல், ஒரு குழல் தீரும்வரை சுடும் மொத்தத் தோட்டாவின் விலையாகப் பாருங்கள். அந்தக் கணக்கில் ரைஃபிளின் விலையே சிறியதாகிவிடும். காற்றைப் படிக்கும் பயிற்சி குண்டுகளைச் செலவழித்துத்தான் வரும். மாதம் நூறு தோட்டா வாங்க முடியாத அளவை எடுப்பதைவிட, வாங்க முடிந்த சற்றே சுமாரான அளவு மேல்.

.300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற பெரிய தோட்டாக்கள்?

அவற்றுக்கும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள் உண்டு. விலை அதிகம், எடை அதிகம், உதிரிபாகம் அந்த ஒரு நிறுவனத்திடம் மட்டும்தான். 1,200 கஜத்துக்கு மேல் அடிக்கடி சுடுகிறவர் என்றால் போல்ட் ரைஃபிளுக்கே போய்விடுங்கள்.

ராணுவம் மாற்றியதை நாமும் பின்பற்றலாமா?

அமெரிக்கச் சிறப்புப் படைகளின் தலைமையகம் 2017-ல் சோதித்து 6.5 கிரீட்மோரைத் தேர்ந்தது நல்ல சாட்சி. 2022-ல் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்த 6.8 மில்லிமீட்டர் தோட்டா வேறு தேவைக்கானது. அதன் குடிமக்கள் வடிவமான .277 ஃபியூரி, எஃகு அடிப்பாகம் கொண்ட கலப்புக் கூட்டில் 80,000 பவுண்டு அழுத்தம் வரை போகும். இலக்குச் சுடுதலுக்கு அந்த அழுத்தமும் தேவையில்லை, அந்தத் தேய்மானமும் தேவையில்லை.

ஒரு தோட்டாவுக்குப் பதில் இன்னொன்றைத் தவறிப் போட்டுவிட்டால்?

இந்தக் கேள்வியை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. .300 பிளாக்அவுட் தோட்டா .223-ன் மேகஸினில் அடங்கும், அதே போல்ட்டில் பொருந்தும். சில சமயம் .223 சேம்பருக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். விசையை இழுத்தால் அகலமான குண்டு குறுகிய குழலுக்குள் போக வழியின்றி ரைஃபிள் வெடித்துச் சிதறும். கையும் கண்ணும் போகும். இரண்டும் வீட்டில் இருந்தால் மேகஸின்களை வேறு நிறத்தில் வாங்குங்கள், ஒரே பையில் ஒரு நாளும் போடாதீர்கள். 5.56 நேட்டோ தோட்டாவை .223 என்று மட்டும் பொறித்த சேம்பரில் சுட வேண்டாம். இரண்டையும் சுட விரும்பினால் .223 வைல்டு என்ற சேம்பர் இருக்கிறது.

வேட்டைக்கும் அதையே பயன்படுத்தலாமா?

ரைஃபிளை, ஆம், போட்டிக்குண்டை, வேண்டாம். காகிதத்துக்காகச் செய்த குண்டு உடலுக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதி இல்லை, விலங்கு காயத்தோடு ஓடும். வேட்டைக்கென்று செய்த குண்டை எடுங்கள், நீங்கள் தவறாமல் அடிக்கும் தூரத்தில் பாதிக்குள் மட்டும் சுடுங்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் ஈயக்குண்டால் வேட்டையாடுவதே தடை.

அமெரிக்காவில் இருக்கும் எந்தத் தமிழரும் வாங்கலாமா?

இல்லை. ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. முறையான வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் வைத்திருத்தல்தான். நண்பர் கூப்பிட்டார் என்று போய் விசாவைச் சிக்கலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். முதலில் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய், வாஷிங்டன் முதலிய மாநிலங்கள் பல செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைத் தனியாகக் கட்டுப்படுத்துகின்றன.

சரி, நேராகச் சொல்லுங்கள். எதை வாங்குவது?

600 கஜம் வரை .223, 77 கிரெயின். ஏஆர்-15 சட்டகத்தில் 1,000 கஜம் வேண்டுமென்றால் 6 எம்எம் ஏஆர்சி. பெரிய சட்டகம் புதிதாக வாங்குகிறவருக்கு 6.5 கிரீட்மோர். ஏற்கெனவே நன்றாகச் சுடும் .308 இருந்தால் அதை விற்க வேண்டாம். குழல் தேயும்போது கிரீட்மோர் குழலாக மாற்றிக்கொள்ளலாம். இரண்டுக்கும் போல்ட்டும் மேகஸினும் ஒன்றேதான்.

எந்தப் பெட்டி என் ரைஃபிளுக்குப் பிடிக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு மூன்று போட்டித்தரத் தோட்டாவை ஒவ்வொரு பெட்டி வாங்கி, 100 கஜத்தில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். மூன்று குண்டுக் குழு எதையும் நிரூபிக்காது. குறுகிய குழுவைத் தரும் தோட்டாக்களில், வேகம் குண்டுக்குக் குண்டு குறைவாக மாறுவதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு வேகமானி வேண்டும். நண்பரிடம் கடன் வாங்கினாலும் போதும். 1,000 கஜத்தில் வேக வித்தியாசம்தான் மேலும் கீழுமாகச் சிதறலைக் கொண்டுவரும். பிடித்தது கிடைத்ததும் அதே தயாரிப்புத் தொகுதி எண் உள்ள பெட்டிகளாகப் பார்த்து, பருவம் முழுவதற்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். தொகுதி மாறினால் திரும்பவும் 100 கஜத்திலிருந்து தொடங்க வேண்டும்.